ஈரக் கையால் விபூதி எடுக்க மாட்டேன்

போன வாரம் ஒரு டாக்டர் என் கையைப் பார்த்தார்.

நாடி பார்க்கவில்லை. ரேகையும் பார்க்கவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு என் வலது கையையே பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். என்ன இருக்கிறது அதில்? நகம் ஒழுங்காக வெட்டியிருக்கிறது. மோதிரம் இருக்கிறது. விரல் இடுக்கில் கொஞ்சம் விபூதி ஒட்டியிருக்கிறது. சுத்தமான கை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அன்றிலிருந்து திண்டாடிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதுவதும் அதே கைதான். என்ன செய்ய?

பேப்பரில் என்னுடைய இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் பெருமைகள் தெரியும். பம்பாயில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாஷியிலோ, தெரிந்தவர் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் நான் ஆஜர். ரிடையர் ஆனபிறகு எனக்கு இருக்கும் ஒரே உத்தியோகம் இதுதான். கையில் பழம் கிழம் கொண்டுபோக மாட்டேன். எங்கள் கோயிலில் அபிஷேகம் செய்த விபூதிப் பொட்டலம் ஒன்று சட்டைப் பையில் இருக்கும். நெற்றியில் இட்டு, 'ஒண்ணும் ஆகாது, அடுத்த மாசம் கச்சேரிக்கு நாம சேர்ந்து போறோம்' என்று சொல்லிவிட்டு வருவேன். பலபேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 'உங்க கை ராசியான கை' என்று சொல்வார்கள். நான் மறுப்பதுபோல் தலையை ஆட்டுவேன்... பலமாக மறுக்க மாட்டேன்.

போன மாதம் என் சிநேகிதன் ரமணியைப் பார்க்கப் போனேன். ஒரே பாங்க், ஒரே ரயில் பெட்டி, முப்பது வருஷப் பழக்கம். ஏதோ ஒரு நர்சிங் ஹோமில் பித்தப்பையை எடுத்தார்கள். பித்தப்பை போய்விட்டது, ஜுரம் போகவில்லை. தையல் போட்ட இடம் ஆறாமல் நீர் கசிந்தது. மருந்தை மாற்றினார்கள். பிறகு அதையும் மாற்றினார்கள். கடைசியில் எங்கள் பக்கத்து டிரஸ்ட் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நடந்த தப்பு அவர்களுடையது அல்ல.

ரமணிக்குத் தனி அறை. கதவில் தொற்று எச்சரிக்கை என்று ஒரு மஞ்சள் அட்டை. வெளியே ஸ்டூலில் கவுன், கையுறை. சுவரில் கைக்குத் தடவும் திரவம் ஒரு பாட்டிலில். அந்த அறைகளைக் கவனிக்கும் நர்ஸ் வர்ஷா, சின்னப் பெண், என்னை வழி மறித்தாள்.

"அங்கிள், பெஹலே ஹாத் பே யே லகாவோ. ஃபிர் க்ளவ்ஸ்."

முதலில் இதைத் தடவிக்கொள், பிறகு கையுறை என்கிறாள். நியாயமான வார்த்தை. நான் என்ன செய்தேன்? பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். "பேட்டி, பகவான் கா பிரசாத் ஹை. இஸ்மே தாரூ ஹை நா?"

"தாரூ நஹி, அங்கிள். ஸ்பிரிட் ஹை."

இது சாமி பிரசாதம், சாராயமோ ஸ்பிரிட்டோ இரண்டும் ஒன்றுதானே என்று நான் வாதம் பண்ணினேன். அதோடு, கை ஈரமாகிவிடும். ஈரக் கையால் விபூதி எடுத்தால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பொட்டலமே பாழ். மடியாக எடுத்து வந்த பிரசாதத்தைச் சாராய ஈரத்தில் குழைத்து ஒருவன் நெற்றியில் இடுவதா? அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிரசாதம் என்றதும் அவளுக்கும் கண்டிப்பாகப் பேச வாய் வரவில்லை. அதற்குள் பக்கத்து அறையில் மணி அடித்தது. "பாஹர் ஆகே தோ ஜரூர் லகானா, ஹா?" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். வெளியே வந்ததும் கட்டாயம் தடவிக்கொள்ளவேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டுவதில் என்ன செலவு?

கவுனை மாட்டிக்கொண்டேன். கையுறையும் போட்டுக்கொண்டேன். உள்ளே போனதும் வலது கையுறையைக் கழற்றிவிட்டேன். ரப்பர் விரலால் யாராவது விபூதி இடுவார்களா? ரமணி இளைத்துப்போய்க் கிடந்தான். நெற்றியில் இட்டேன். கையைப் பிடித்துக்கொண்டேன். "இங்கயும் கொஞ்சம் வைடா" என்று அவன் வயிற்றைக் காட்டினான். கட்டின் மேலும் ஒரு சிட்டிகை வைத்து, மெல்லத் தடவிக் கொடுத்தேன். அவன் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. எனக்கும்தான்.

கவுனையும் மற்ற கையுறையையும் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கையில் மிச்ச விபூதி. அதைக் கழுவலாமா? கூடாது. எங்கள் வழக்கத்தில் பிரசாத விபூதி சாக்கடையில் போகக் கூடாது. நெற்றியிலும் கழுத்திலும் முழங்கையிலும் தடவிக்கொள்ளவேண்டும். அப்படியே செய்தேன். சுவரில் தொங்கிய பாட்டிலுக்கு ஒரு வணக்கம் போடாத குறையாக நடந்துவிட்டேன்.

அப்போதுதான் வராந்தாக் கோடியில் இருந்த ஜெனரல் வார்டிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏங்க, காலை அசைக்காதியன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்?"

பம்பாய்த் தமிழனுக்கு ஒரு பலவீனம் உண்டு. ரயிலாக இருந்தாலும் சரி, ரேஷன் கடையாக இருந்தாலும் சரி, காதில் தமிழ் விழுந்தால் கால் தானாகத் திரும்பும். 'தமிழா? எந்த ஊர்?' என்று கேட்காமல் மேலே ஓர் அடி வைக்க முடியாது. நான் நேராக அந்தக் கட்டிலுக்குப் போய் நின்றேன்.

ஜெபராஜ். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் மிஷின் மிதிக்கிறவர். சயான் சர்க்கிளில் ஒரு ஆட்டோ இடித்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து உள்ளே ராடு வைத்திருந்தார்கள். குரலுக்குச் சொந்தக்காரி அவர் மனைவி செல்வராணி.

"நாங்க நாசரேத் பக்கம்யா. இப்ப இங்க தாராவிதான். நீங்க?"

"மாட்டுங்கா. பூர்விகம் பாலக்காடு."

அவ்வளவு போதும். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். ஜெபராஜின் காலுக்குக் கீழே இருந்த தலையணை நழுவியிருந்தது. கட்டும் கொஞ்சம் தளர்ந்து ஓரத்தில் ஈரம் தெரிந்தது. நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. உதவி செய்ய ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் அதை நர்ஸுக்கு விட்டுக்கொடுப்பேனா? நானே காலைத் தாங்கித் தலையணையை உள்ளே தள்ளினேன். கட்டின் ஓரத்தையும் விரலால் மடித்துச் சரிசெய்தேன். பிறகு பொட்டலத்தை எடுத்தேன்.

செல்வராணி தயங்கினாள். "தப்பா நினைக்காதீய. எங்களுக்கு திருநீறு பூசுற வழக்கம் இல்லைய்யா. நீங்க பெரியவிய... கை வச்சு ஒரு செபம் பண்ணுங்க. எந்த சாமிய நினைச்சுப் பண்ணாலும் கர்த்தர் கேப்பாரு."

தலையில் கை வைத்தேன். காலிலும் வைத்தேன். கண்ணை மூடி எனக்குத் தெரிந்த ஸ்லோகத்தைச் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்று ஆமென் என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடக் கும்பிட்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இதை இந்தப் பக்கத்தில் எழுதுவதாகவே உத்தேசம். நீங்கள் உருகிப்போவீர்கள் என்று நிச்சயமாகத் தெரியும். தலைப்புகூட வைத்துவிட்டேன். அது என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

எழுதவில்லை. வேறு ஏதோ வந்து குறுக்கே விழுந்தது. நல்லவேளை.

போன வாரம் மறுபடி ரமணியைப் பார்க்கப் போனேன். விலை உயர்ந்த ஏதோ மருந்து ஏற்றி, கொஞ்சம் தேறியிருந்தான். வராந்தாவில் ஒரு பெண் டாக்டர் என்னைப் பார்த்து நின்றார்.

"அங்கிள், நீங்க... பேப்பர்ல எழுதறவர்தானே? ஃபோட்டோல பார்த்திருக்கேன். எனக்குத் தமிழ் படிக்க வராது. அம்மா சத்தமா படிச்சுக் காட்டுவா, நான் தோசை சாப்ட்டுண்டே கேப்பேன். அம்மா உங்க ஃபேன்!"

டாக்டர் காயத்ரி. செம்பூர்க்காரப் பெண். ஆஸ்பத்திரிக்குள் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலையாம். எனக்கு அது எங்கே காதில் விழுந்தது? 'ஃபேன்' என்ற வார்த்தையோடு காது நிறைந்துவிட்டதே! இந்த மாடியில் எனக்கு எல்லாரையும் தெரியும் என்று ஆரம்பித்தேன். ரமணிக்கு வயிற்றில் விபூதி வைத்த கதையைச் சொன்னேன். அப்படியே அந்தக் கோடி வார்டுக்குப் போய் ஜெபராஜின் காலில் கை வைத்து வேண்டிக்கொண்டதையும் சொன்னேன். கட்டைச் சரிசெய்ததைக்கூட விடவில்லை. உங்களுக்காக மனசில் எழுதி வைத்திருந்த பத்தியை அவருக்கு நேரிலேயே வாசித்துவிட்டேன்.

அப்போதுதான் சிரிப்பு நின்றது. அப்போதுதான் என் கையைப் பார்த்தார்.

"ரமணி அங்கிள் ரூம்லேர்ந்து நேரா அங்க போனேளா?"

"நேரா."

"நடுவுல கை அலம்பினேளா?"

"விபூதியை அலம்பறதாவது!" என்றேன். நான் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அவர் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜெபராஜுக்கு ஜுரம். காலில் சீழ். எடுத்து லாபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வந்தது ரமணியின் வயிற்றில் இருக்கும் அதே வகைக் கிருமி. எந்தெந்த மருந்துக்கு ரமணியின் கிருமி அசையவில்லையோ, அந்தந்த மருந்துக்கு ஜெபராஜின் கிருமியும் அசையவில்லை. ரமணிக்கு ஆபரேஷன் நடந்ததோ வேறு இடத்தில்; பார்க்கும் டாக்டரும் வேறு. வார்டு வேறு. வழக்கமான நர்ஸ்களும் வேறு. எப்படிப் போயிற்று என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டார்களாம்.

"ஷ்யூரா என் கையிலேர்ந்துதான்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். வக்கீல் வீட்டுப் பிள்ளை மாதிரி முதலில் அந்தக் கேள்விதான் வந்தது பாருங்கள்.

"ஷ்யூரா சொல்ல முடியாது, அங்கிள். ஆனா வேற வழி எனக்குத் தெரியல."

இந்தக் கிருமி எப்படி இவ்வளவு முரடாகிறது என்று கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறோம். கிருமிகள் சாகின்றன. எல்லாமா? பலவீனமானவை முதலில் சாகும். லட்சத்தில் ஒன்று, பிறவியிலேயே கொஞ்சம் மாறிப்போய், அந்த மருந்தைத் தாங்கும். தாதர் ஸ்டேஷன் வந்ததும் லோக்கல் ரயிலில் கூட்டமெல்லாம் இறங்கிப்போனால், மிஞ்சிய ஆசாமி காலை நீட்டி உட்கார்ந்துகொள்வானே, அப்படி அதற்குத் தாராளமாக இடம் கிடைத்துவிடுகிறது. அது பெருகுகிறது. அதன் பிள்ளை குட்டி எல்லாம் அதே மாதிரி மருந்து தாங்கும்.

"வெளில இருக்கறதை விட ஹாஸ்பிடல்ல ஏன் ஜாஸ்தின்னா, இங்கதான் எப்பவும் மருந்து ஓடிண்டே இருக்கு. ஒவ்வொரு கட்டில்லயும் ஒரு ஆன்டிபயாட்டிக். வீக்கானதெல்லாம் தினம் சாகும். தப்பிச்சதுதான் தங்கும். இன்னும் ஒண்ணு இருக்கு, அங்கிள். எப்படித் தப்பிக்கறதுங்கற வித்தையை ஒரு கிருமி இன்னொண்ணுக்குக் கொடுத்துடும். வேற ஜாதிக் கிருமிக்குக்கூட. எக்ஸாம் ஹால்ல பிட்டு பாஸ் பண்ற மாதிரி. ஒரு மருந்து இல்ல, அஞ்சாறு மருந்துக்கான பிட்டும் ஒரே துண்டுல இருக்கும்."

ரமணி எப்படி? வருஷக்கணக்காகச் சளி, தொண்டை வலி எதற்கும் கெமிஸ்டிடம் கேட்டு ஒரு ஸ்டிரிப் வாங்குவான். பெரும்பாலும் அந்த மருந்தே தேவைப்படாத சளி. ஜுரம் விட்டதும் நிறுத்திவிடுவான். மிச்சம் டப்பாவில் கிடக்கும். நர்சிங் ஹோமில் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றியிருக்கிறார்கள். ரமணியை ஏன் சொல்கிறேன்? என் வீட்டு டப்பாவிலும் பாதி ஸ்டிரிப்கள் கிடக்கின்றன. உங்கள் வீட்டில்?

"என் கையில இருந்துதுன்னா எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?" என்றேன்.

"உங்க தோல் நன்னா இருக்கு. அது உள்ள போக வழி இல்லை. சும்மா கையில உக்காந்துண்டு வந்திருக்கும். ஜெபராஜுக்குக் கால்ல வழி இருந்தது."

எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஜெபராஜுக்கு என்ன ஆகும்? உள்ளே வைத்த ராடை எடுத்துவிட்டு, புண்ணைத் திறந்து கழுவவேண்டும். சாதாரண மருந்து எதுவும் பயன்படாது. ரமணிக்கு ஏற்றிய அதே கடைசி மருந்து, சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றவேண்டும். கிருமி எலும்புக்குள் ஆழமாகப் போயிருந்தால் காலைக் காப்பாற்ற முடியுமா என்பதே சந்தேகம். மிஷின் மிதிக்கிற வலது கால்.

எழுந்திருக்கப் போனவர் இன்னொன்றும் சொன்னார். "வர்ஷா சிஸ்டரை இந்த ஃப்ளோர்லேர்ந்து மாத்திட்டா. ஒரு நாள் ஆள் இல்லைன்னு அவ ஜெனரல் வார்டுல ஹெல்ப் பண்ணியிருந்தா. கை க்ளீன் பண்ணாம யாரையும் தொடாதவ. ஆனா எல்லாரும் அவதான் கொண்டுபோயிருப்பான்னு... ஜெபராஜோட வைஃப் வேற எல்லார் எதிர்லயும் கத்திட்டா. பாவம், அழுதுண்டே போனா."

என்னைத் தடுத்த பெண். என்னிடம் இரண்டு தடவை சொன்ன பெண்.

"என் பேர்... வெளில வருமா?" என்று கேட்டேன்.

காயத்ரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் 'ஒரு விசிட்டர்'னு மட்டும் சொல்லிடறேன், அங்கிள். பேர் வேண்டாம். மத்தது உங்க இஷ்டம்."

அப்பாடா என்று இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வந்தது நிம்மதி. ஒருவன் கால் போகப்போகிறது, ஒரு பெண் அழுதுகொண்டு போயிருக்கிறாள், எனக்கு என் பெயர் தப்பியதில் நிம்மதி! அந்த நிம்மதியோடு ஜெனரல் வார்டுப் பக்கம் திரும்பாமல் லிஃப்டில் இறங்கிவிட்டேன். அன்று அந்த வார்டிலிருந்து தமிழ் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் என் கால் திரும்பியிருக்காது.

வீட்டில் வசந்தாவிடம் சொன்னேன். என் மனைவியை உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அவ்வப்போது வந்து என்னைத் திருத்திவிட்டுப் போகிறவள். எனக்குச் சாதகமாகத்தான் கதையை ஆரம்பித்தேன். "பிரசாதம் பாரு, அதான் அந்த மருந்தைத் தடவிக்கலை. கை வேற ஈரமாயிடும்..."

கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "ஏன்னா, கோவிட்ல உங்க கை காயலையா?"

பால் பாக்கெட்டையே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியவன் நான். லிஃப்ட் பட்டனைப் பல்குத்தும் குச்சியால் அழுத்தியவன். பையில் ஒரு பாட்டில், வாசலில் ஒரு பாட்டில். அந்தத் திரவம் கையில் விட்டால் எவ்வளவு சீக்கிரம் காயும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பூஜை அறையில்கூட அதைத் தடவிக்கொண்டுதான் விளக்கேற்றினேன். அப்போது அதில் சாராயம் இருந்தது ஞாபகம் வரவில்லை. மடி ஞாபகம் வரவில்லை.

ஏனென்றால் அப்போது சாகப்போவது நானாக இருந்திருக்கலாம்.

இதுதான் விஷயம். ஈரமும் இல்லை, பிரசாதமும் இல்லை. நமக்கு வரும் நோய் என்றால் கை தானாகப் பாட்டிலுக்குப் போகிறது. நம்மால் பிறருக்கு வரும் நோய் என்றால் வாய் சாஸ்திரம் பேசுகிறது. நான் என்னைப்பற்றி என்னவோ என்று நினைத்திருந்தேன். இவ்வளவுதான் நான்.

"போய்ச் சொல்லிட்டு வாங்கோ" என்றாள் வசந்தா. "அந்தப் பொண்ணு பேரை முதல்ல க்ளியர் பண்ணுங்கோ. அப்பறம் உக்காந்து அழலாம்."

போனேன். முதலில் மேட்ரனிடம். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், வர்ஷா சொல்லியும் கேட்காமல் கையுறையைக் கழற்றினேன், கையைச் சுத்தம் செய்யாமல் அந்த வார்டுக்குப் போனேன், கட்டைத் தொட்டேன் என்று சொன்னேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "இத்னா படா ஆத்மி..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். இவ்வளவு பெரிய மனிதர் என்கிறார். வயதில் பெரியவன் என்று அர்த்தமா, இல்லை படித்தவன் என்றா? எதுவாக இருந்தாலும் பொருந்தியது. வர்ஷாவைத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

பிறகு ஜெபராஜின் கட்டில். மறுநாள் ராடை எடுப்பதாக இருந்தது. செல்வராணி என்னைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"வாங்கய்யா. அன்னைக்கி நீங்க கை வச்சு செபம் பண்ணப்போயிதான் இவிய இம்புட்டாவது தாங்குதாவ. அந்த நர்சுப் பிள்ள பண்ண வேலையைப் பாத்தியளா? கையக் கூடக் கழுவாம வந்து..."

"அம்மா, அது அந்தப் பொண்ணு இல்லை."

"பின்ன யாரு?"

சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். ரமணியின் அறை, மஞ்சள் அட்டை, கழற்றிய கையுறை, கழுவாத கை, தளர்ந்த கட்டை மடித்த விரல். இதற்கு முன்னால் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். எந்த மேடையிலும் நாக்கு இப்படி ஒட்டிக்கொண்டதில்லை. டாக்டர் 'ஷ்யூர் இல்லை' என்று சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

செல்வராணி திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் என்னைத் தாண்டி எங்கேயோ போயிற்று.

"அப்ப அந்தப் பிள்ளையை நான் என்னெல்லாம் ஏசிப்புட்டேன்..." என்றாள். "வார்டே பாத்துச்சு. எம் புருசன் காலை முடமாக்கிட்டியேடின்னு தமிழ்ல ஏசினேன். அதுக்குப் புரியல. ஆனா அழுதுச்சு."

ஜெபராஜ் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "நீங்க வேணும்னா செஞ்சிய? இல்லைல்லா?" என்றார்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியுமா? வர்ஷா சொன்னாளே. அட்டை இருந்ததே. கோவிட் இருந்ததே. செல்வராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த நர்ஸ் எங்கே இருப்பாள் என்று விசாரிக்கப் போய்விட்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

அவமானம் எனக்கு மட்டும் வந்திருந்தால் நானே வைத்துக்கொண்டிருப்பேன். என் கையால் அதையும் அவளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். செம்பூரில் ஒரு அம்மாள் சத்தமாகப் படிக்கப்போகிறார். ஒரு பெண் தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்கப்போகிறாள். 'ஒரு விசிட்டர்' என்று அவள் பெரியமனது பண்ணி மறைத்த ஆசாமி யார் என்று அம்மாவுக்குத் தெரியட்டும். அந்த அம்மாள் ஃபேன் பதவியை ராஜினாமா செய்தால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்று மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருக்க ஆயிரம் காரணம் இருந்தது. ராடை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏறுகிறது. கால் நிற்குமா என்று இன்னும் சொல்லவில்லை. ஜெபராஜ் இப்போது தனி அறையில். கதவில் மஞ்சள் அட்டை. ரமணியின் அறைக்கு இரண்டு கதவு தள்ளி.

வாசலில் செல்வராணி நின்றுகொண்டிருந்தாள். "வராதீயன்னு சொல்லத்தான் நினைச்சேன்யா. இவியதான் விடல" என்றாள். சுவரில் இருந்த பாட்டிலைக் கையால் காட்டினாள். "அங்கன இருக்கு."

இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லா இடத்திலும் தேய்த்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கவுன், கையுறை. உள்ளே போய்க் கட்டிலுக்கு எட்டத்தில் நின்றேன். ஜெபராஜ் கண்ணைத் திறந்தார். "ஐயா, ஒரு செபம்..." என்றார். நான் செல்வராணியைப் பார்த்தேன்.

"கை வைக்காம பண்ணுங்க" என்றாள் அவள்.

வாய்க்குள்ளேயே சொன்னேன். முடித்துவிட்டு வெளியே வந்து கையுறையைக் கழற்றி, மறுபடி அந்தத் திரவத்தைத் தடவிக்கொண்டு, ஈரக் கையைக் கூப்பி இன்னொரு தடவை ஜெபராஜின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

சொல்லி முடிப்பதற்குள் கை காய்ந்துவிட்டது.